கடல்நீர் மீன்தொட்டிக்குக் கடற்கரை மணல் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி அமைப்பது பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். உப்புக் கலவை, விளக்கு, கழிவை நுரையாக்கி நீக்கும் ஸ்கிம்மர், நீரோட்ட மோட்டார் என்று ஒவ்வொன்றையும் பொறுமையாக விளக்கிய கட்டுரையாளர், தொட்டியின் அடியில் பரப்ப வேண்டிய மணலைப் பற்றி மட்டும், கடற்கரையிலிருந்து எடுத்துவந்து நன்றாகக் கழுவிப் போட்டால் போதும் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார். அந்த வரியை நம்பி இந்த வாரமே வாளியோடு கடற்கரைக்குக் கிளம்பும் வாசகர்கள் இருப்பார்கள் என்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நான் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். தூத்துக்குடியில் என் வீட்டு முன்னறையில் 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கிறேன். தொடக்க ஆண்டுகளில் மணல் விஷயத்தில் நான் செய்த தவறுகளால் பல உயிர்கள் மாண்டன. புதிதாகத் தொடங்குவோருக்கு அந்த நிலை வரக்கூடாது என்று விரும்புகிறேன்.

கடல்நீர்த் தொட்டியில் விளக்கு போதவில்லை என்றால் வேறு விளக்கு மாட்டலாம். மோட்டார் சரியில்லை என்றால் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம். மணலை அப்படி மாற்ற முடியாது. பாறைகளும், நுண்ணுயிர்களும், மணலுக்குள் வாழும் புழுக்களும் நத்தைகளும் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் கொண்ட நடுத்தரத் தொட்டியில் 5 செ.மீ. உயரத்துக்கு மணல் பரப்புவதென்றால் ஏறத்தாழ 20 லிட்டர் மணல், அதாவது சுமார் 30 கிலோ தேவைப்படும். ஓராண்டு கழித்து அது தவறான மணல் என்று தெரிந்து வெளியே எடுப்பது, தொட்டியையே பிரித்து மறுபடி கட்டுவதற்குச் சமம். ஆகவே கடல்நீர்த் தொட்டி வைக்க நினைப்பவர் மீனைத் தேர்ந்தெடுக்கும்போதே, அந்த மீனுக்கு எந்த மணல், எவ்வளவு ஆழம் என்பதையும் முடிவு செய்துவிட வேண்டும்.

'கடல் மணல்' என்ற சொல்லே நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது. கடலோரத்தில் கிடக்கிறது, ஆகவே கடல் மீனுக்கு ஏற்றது என்று எண்ணிவிடுகிறோம். தமிழகக் கடற்கரையில் நாம் கால் புதைய நடக்கும் மணலில் பெரும்பகுதி கடலில் உண்டானதல்ல. காவிரியும் பாலாறும் தாமிரபரணியும் மலைப்பாறைகளை அரைத்து, பல்லாயிரம் ஆண்டுகளாகக் கடலில் கொண்டுவந்து சேர்த்து, அலை அதைக் கரையில் ஒதுக்கிய மணல் அது. அதில் மிகுந்திருப்பது குவார்ட்ஸ் என்னும் சிலிக்கா. லட்சத்தீவு, மாலத்தீவு போன்ற இடங்களில் உள்ள வெண்மணலோ உண்மையிலேயே கடலில் பிறந்தது. பவளங்களின் சிதைவுகள், கிளிஞ்சல்கள், சுண்ணாம்பு படிந்த பாசிகளின் துண்டுகள், நுண்ணுயிர்களின் ஓடுகள் ஆகியவை சேர்ந்து அந்த மணல் உருவாகிறது. கிளிமீன்கள் பவளப்பாறையைக் கொறித்து, அதிலுள்ள பாசியைச் செரித்துவிட்டு, எஞ்சிய சுண்ணாம்பை மாவு போன்ற வெண்மணலாகக் கழிக்கின்றன. ஒரு பெரிய கிளிமீன் ஓராண்டில் பல நூறு கிலோ மணலை இப்படி உண்டாக்கிவிடும். பவளத்திட்டு மீன்கள் பிறந்து வளரும் மணல் இந்தச் சுண்ணாம்பு மணல்தான். நம் கடற்கரையில் கிடப்பது பெரும்பாலும் ஆற்று மணலின் உடன்பிறப்பு.

சிலிக்கா நஞ்சல்ல, அது தொட்டியில் இருந்தால் மீன் உடனே செத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் கடற்கரை மணலில் சிலிக்கா மட்டும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலிருந்து வடக்கே தூத்துக்குடி மாவட்டக் கடலோரம் வரை பல இடங்களில் இல்மனைட், கார்னெட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட் போன்ற கன கனிமங்கள் மணலோடு கலந்திருக்கின்றன. கருமணல் என்று நம் ஊர்க்காரர்கள் சொல்வது இதைத்தான். மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அரசு நிறுவனமே அதைப் பிரித்தெடுக்கிறது. இந்த மணலை எத்தனை முறை கழுவினாலும் கனிமம் போகாது. மண்ணும் தூசியும் போகும். கருந்துகள்களோ கனமானவை என்பதால் வாளியின் அடியிலேயே தங்கிவிடும்.

என் முதல் தொட்டியில் நான் போட்டது அப்படிப்பட்ட கடற்கரை மணல்தான். பார்க்கப் பழுப்பு நிறமாக, நேர்த்தியாக, ஒரே அளவு துகள்களாக இருந்தது. பத்து முறையாவது கழுவியிருப்பேன். இரண்டு மாதம் கழிந்தபின், கண்ணாடியில் படிந்த பாசியைத் துடைப்பதற்காக, உள்ளே ஒரு பாதியும் வெளியே ஒரு பாதியுமாக ஒட்டிக்கொள்ளும் காந்தத் துடைப்பானைப் பயன்படுத்தினேன். அடிப்பகுதியில் மணலை ஒட்டி அது நகர்ந்தபோது கரகரவென்று ஓசை கேட்டது. எடுத்துப் பார்த்தால், துடைப்பானின் கம்பளிப் பரப்பு முழுவதும் மீசை முளைத்தாற்போல் கருந்துகள்கள் ஒட்டியிருந்தன. கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு சாண் நீளத்துக்கு அரைவட்டக் கீறல்கள் விழுந்திருந்தன. அந்தக் கீறல்கள் அந்தத் தொட்டி இருந்தவரை மறையவே இல்லை. காந்தம் ஈர்க்கும் இரும்புக் கனிமம் உப்பு நீரில் நாள்முழுதும் ஊறிக்கிடக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். எந்த மணலாக இருந்தாலும் வாங்கும்முன் ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அதன்மேல் ஓட்டிப் பாருங்கள். பையில் கருந்துகள் ஒட்டினால் அந்த மணல் வேண்டாம்.

கனிமம் இல்லாத கடற்கரை என்றாலும் வேறு தொல்லைகள் உண்டு. சென்னையில் கூவமும் அடையாறும் கடலில் கலக்கும் இடங்களுக்கு அருகே எடுக்கும் மணலில் கழிவுநீரின் சேர்க்கை இருக்கும். மீன்பிடித் துறைமுகங்களை ஒட்டிய மணலில் டீசலும் கிரீஸும் படிந்திருக்கும். துகளின்மேல் ஒட்டிய எண்ணெய்ப் பசையைக் குழாய்த் தண்ணீர் நீக்காது. சோப்புப் போட்டுக் கழுவினால் அந்தச் சோப்பே தொட்டிக்கு நஞ்சாகிவிடும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் கடலோர மணலை வெட்டி எடுப்பதைத் தடை செய்திருக்கின்றன என்பதையும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம். ஒருவர் ஒரு வாளி எடுப்பதால் கரை கரைந்துவிடாது என்று சிலர் வாதிடுவார்கள். ஒரு நாளிதழ் ஆயிரக்கணக்கான வாசகர்களுக்குச் சொல்லும் யோசனையை ஒரு வாளிக் கணக்கில் அளக்க முடியாது.

பவளத்துண்டுகளை அள்ளிவருவது இதைவிடப் பெரிய தவறு. தூத்துக்குடி, கீழக்கரை, மண்டபம் பகுதிகளில் பழைய வீடுகளின் சுவர்களைக் கூர்ந்து பார்த்தால், காரை பெயர்ந்த இடங்களில் தேன்கூடு போன்ற துளைகளோடு பவளக்கல் தெரியும். ஒரு காலத்தில் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளை வள்ளம் வள்ளமாக வெட்டிவந்து சுண்ணாம்புக் காளவாயிலும் கட்டடத்திலும் பயன்படுத்தினார்கள். அதன் விளைவு என்ன? அங்கிருந்த 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன. அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும், பின்னால் இருந்த மணல்தீவும் போய்விட்டது. எங்கள் ஊருக்கு அருகில் உள்ள வான் தீவும் சுருங்கிக்கொண்டே வந்து, அதைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைகளை நீருக்குள் இறக்க வேண்டியதாயிற்று. இந்தப் பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கல் பவளங்கள் அனைத்தும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கரையொதுங்கிய செத்த பவளம்தானே என்று எடுத்துவந்து உடைத்துத் தொட்டியில் போடுவதும், நுண்ணுயிர்கள் குடியேறிய 'உயிர்ப்பாறை' என்ற பெயரில் யாரோ இரவில் கொண்டுவந்து தரும் கல்லை வாங்குவதும் சட்டப்படி குற்றம். பவளத்திட்டின் அழகை வீட்டில் காண விரும்பும் ஒருவர், அந்தத் திட்டையே உடைத்து அதைச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் எதைப் போடுவது? என் அனுபவத்தில் பெரும்பாலான தொட்டிகளுக்கு ஏற்றது அரகோனைட் மணல்தான். இது கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம்; பவளங்கள் தம் எலும்புக்கூட்டை இதைக்கொண்டே கட்டுகின்றன. சந்தையில் பைகளில் வரும் அரகோனைட்டில் கணிசமான பங்கு பஹாமாஸ் தீவுகளின் ஆழமற்ற கடலில், உயிரினங்களை உடைக்காமலே, நீரிலிருந்து படிந்து உருண்டைத் துகள்களாகத் தானே உருவாகும் மணல். பவளப்பாறையை வெட்டாமல் கிடைப்பதாலும், துகள்கள் முத்துப்போல் உருண்டு மீனின் வயிற்றைக் கீறாமல் இருப்பதாலும் இதை நான் விரும்புகிறேன். விலை கூடுதல்தான். ஆனால் ஒருமுறை வாங்கிப் போட்டால் பல ஆண்டுகள் இருக்கும் பொருள் இது.

கடையில் 'பவள மணல்' என்று எழுதி ஒட்டிய பையில் உள்ளே என்ன இருக்கிறது என்பதை நாம்தான் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருநகரக் கடையில், பால்போல் வெண்மையான மணலைப் பவள மணல் என்று சொல்லி விற்றார்கள். வீட்டுக்கு வந்து ஒரு தேக்கரண்டி மணலைக் கண்ணாடிக் குவளையில் போட்டு, சமையலறையிலிருந்த வினிகரை ஊற்றினேன். சுண்ணாம்பு மணலாக இருந்தால் சோடா போல நுரைத்துப் பொங்கியிருக்க வேண்டும். ஒரு குமிழிகூட எழவில்லை. வெளுத்த குவார்ட்ஸைத்தான் அந்தப் பெயரில் தந்திருந்தார்கள். வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறும் போதும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: பளிங்குக்கல் தூளும் வினிகரில் பொங்கும், ஏனெனில் அதுவும் கால்சியம் கார்பனேட்தான். ஆனால் அது கால்சைட் என்ற வேறு வடிவம். உடைத்த பளிங்கின் முனைகள் ஊசிபோல் கூர்மையாக இருக்கும். ஆகவே வினிகர் சோதனைக்குப் பின், ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். உறுத்தினால் மீனுக்கும் உறுத்தும். சாயம் ஏற்றிய நீலக்கல், பச்சைக்கல் எல்லாம் இந்தத் தொட்டிக்குள் வரவே கூடாது.

அரகோனைட் போட்டுவிட்டால், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு தானாகவே நிலையாக இருக்கும் என்று பல கடைக்காரர்கள் சொல்கிறார்கள். கட்டுரையிலும் அதே சாயலில் ஒரு வரி இருந்தது. இதில் பாதிதான் உண்மை. இயற்கைக் கடல்நீரின் பிஎச் 8.1 அளவில் இருக்கும். அந்த நிலையில், வெப்பக்கடலின் மேல்நீரில் அரகோனைட் கரைவதற்கு வாய்ப்பே இல்லை, ஏனெனில் அந்த நீரில் கால்சியமும் கார்பனேட்டும் ஏற்கெனவே மிகையாக உள்ளன. நீரில் கார்பன் டை ஆக்சைடு கூடி, பிஎச் இதைவிட வெகுவாகக் கீழே இறங்கும்போதுதான் மணல் குறிப்பிடத்தக்க அளவில் கரையத் தொடங்கும். அவ்வளவு தாழும்வரை காத்திருந்தால் பவளங்கள் தாங்காது. மணலின் ஆழத்தில், நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைத்துக் கார்பன் டை ஆக்சைடு வெளியிடும் இடங்களில் மட்டும் சிறிதளவு கரைந்து, கால்சியமும் காரத்தன்மையும் நீரில் சேர்கின்றன. அது ஓர் உதவி. ஆனால் வாரந்தோறும் காரத்தன்மையையும் கால்சியத்தையும் அளந்து பார்க்கும் பொறுப்பிலிருந்து மணல் நம்மை விடுவிப்பதில்லை.

எந்தப் பொருள் என்பதைவிடத் துகளின் அளவு பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும், ஏனெனில் நல்ல அரகோனைட்டை வாங்கியவர்களும் தோற்பது இங்கேதான். சமையலறை அளவில் சொல்கிறேன். சர்க்கரையைவிட நைசாக, ரவை போல இருக்கும் மணல் அழகாகப் படியும். அழுக்கு மேலேயே தங்கும், உறிஞ்சி எடுப்பது எளிது. ஆனால் நீரோட்ட மோட்டாரை மணலை நோக்கித் திருப்பினால் புயல் அடித்தாற்போல் பறந்து பவளங்களின்மேல் படிந்துவிடும். கடுகு அளவு, அதாவது 1 முதல் 2 மி.மீ. வரையுள்ள மணல், ஓரளவு வேகமான நீரோட்டத்தையும் தாங்கும். பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளுக்கு இதையே பரிந்துரைப்பேன். துவரம்பருப்பு, பட்டாணி அளவுக்கு உடைத்த பவளக்கல்லை மட்டும் தவிர்க்க வேண்டும். துண்டுகளுக்கிடையில் உள்ள இடுக்குகளில் மீனின் கழிவும் தின்னாமல் விட்ட உணவும் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். அங்கே அவை மெதுவாக அழுகி, நீரைக் கெடுக்கும் நைட்ரேட்டாக மாறிக்கொண்டே இருக்கும். அடிமணலுக்குக் கீழே பிளாஸ்டிக் தட்டு வைத்து, அதன்மேல் உடைத்த பவளத்தைப் போட்டு, காற்றுக்குழாயால் நீரை இழுக்கும் பழைய முறையை நானும் பின்பற்றியிருக்கிறேன். முதலாண்டு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாமாண்டில் எவ்வளவு நீர் மாற்றினாலும் நைட்ரேட் குறையவில்லை. கடைசியில் தட்டைப் பிரித்தெடுத்தபோது, அதன் அடியில் கெட்டியான பழுப்புக் கூழ் இரண்டு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது.

துகளின் அளவு மீனின் உடலோடும் தொடர்புடையது. ராஸ் என்ற வகை மீன்களில் பல, விளக்கு அணையும் நேரத்தில் தலைகீழாகப் பாய்ந்து ஒரே நொடியில் மணலுக்குள் மறைந்துவிடும். இரவு முழுவதும் அதற்குள்ளேயே உறங்கி, காலையில் முதலில் கண்களை மட்டும் மணலுக்கு மேலே நீட்டிப் பார்த்துவிட்டு வெளியே வரும். என் பேத்தி அந்தக் காட்சிக்காகவே காலையில் சீக்கிரம் எழுந்து தொட்டியின் முன் உட்கார்ந்திருப்பாள். நான் முதன்முதலில் வாங்கிய ராஸ் மீனை, உடைத்த பவளம் பரப்பிய தொட்டியில்தான் விட்டேன். முதல் இரவே அது பாய்ந்தது. கூரான துண்டுகளில் மோதி வாய் ஓரத்தில் வெள்ளையாகத் தோல் உரிந்தது. நான்காம் நாள் காயத்தில் பூஞ்சை போன்ற படலம் படர்ந்து, உணவெடுக்க முடியாமல் பத்து நாளில் இறந்துவிட்டது. அந்த மீனுக்கு நோய் எதுவும் இல்லை. நான் தேர்ந்தெடுத்த மணல்தான் அதைக் கொன்றது. இவ்வகை மீன்களுக்கு நுண்மணலோ கடுகளவு மணலோ குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு வேண்டும்.

உளுவை இனத்தைச் சேர்ந்த கோபி மீன்களில் சில, வாய்நிறைய மணலை அள்ளி, அதிலுள்ள சிற்றுயிர்களைச் சலித்துத் தின்றுவிட்டு, செவுள் வழியாக மணலை வெளியே விடும். இவற்றுக்கும் நைசான மணலே தேவை. ஜாஃபிஷ் என்ற தாடைமீன் வளை தோண்டி வாழ்வது. நைசான மணல் மட்டும் இருந்தால் வளை சரிந்து விழும் என்பதால், அதற்குச் சிறு கிளிஞ்சல் துண்டுகளும் கற்களும் கலந்த, 10 செ.மீ.க்கும் மேல் ஆழமான மணல் வேண்டும். கோமாளி மீனுக்கோ இவை எதுவும் பொருட்டல்ல. மணலே இல்லாத தொட்டியிலும் அது நன்றாக வாழும்.

மணலைக் கிளறிச் சுத்தம் செய்யும் என்று சொல்லிக் கடைகளில் விற்கப்படும் மணல் நட்சத்திர மீனைப் பற்றியும் எழுத வேண்டும். அது கழிவைத் தின்பதில்லை. மணலுக்குள் வாழும் புழுக்களையும் சிறு நத்தைகளையும்தான் தின்கிறது. சிறிய தொட்டியில் சில மாதங்களில் அவை தீர்ந்துவிடும். பின்னர் கைகள் நுனியிலிருந்து கரைந்து, பட்டினியால் அது சாகும். கடல் அட்டையைப் போடலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நம் நாட்டில் அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினம், அதைத் தொடவே கூடாது. மணலுக்குள் புதைந்து கிடந்து, உணவின் வாசனை வந்ததும் தும்பிக்கையை நீட்டிக்கொண்டு எழுந்து வரும் சிறிய மணல் நத்தைகள் சில இருந்தாலே போதும்.

ஆழத்தைப் பொறுத்தவரை இரண்டு வழிகள் உண்டு. இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் ஆபத்து. 3 முதல் 5 செ.மீ. வரை பரப்பினால் நீரில் கரைந்த ஆக்சிஜன் ஏறத்தாழ அடிவரை இறங்கும். குழாயால் உறிஞ்சிச் சுத்தம் செய்யவும் முடியும். 10 முதல் 15 செ.மீ. வரை நைசான மணலை ஆழமாகப் பரப்பினால், கீழ்ப்பகுதியில் ஆக்சிஜன் இல்லாத அடுக்கு உருவாகி, அங்கே வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றும். மொனாக்கோவில் ழான் ஜோபேர் என்ற ஆய்வாளர், மணலுக்கு அடியில் நீர் மட்டும் நிற்கும் ஓர் இடைவெளி விட்டு இதே வேலையைச் செய்யவைத்த முறை உலகெங்கும் பெயர் பெற்றது. கேட்பதற்கு ஆழமான மணல் மிகவும் கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் அதைக் கிளறக்கூடாது, அதற்குள் புழுக்களும் நத்தைகளும் நிறைய வாழ வேண்டும், தொட்டியும் பெரிதாக இருக்க வேண்டும். 7, 8 செ.மீ. என்று பரப்பி, வசதிப்பட்டபோது கிளறியும் விட்டால் இரண்டின் பயனும் கிடைக்காது.

நான் அதைத்தான் செய்தேன். கண்ணாடி வழியே பார்க்கும்போது மணலின் அடியில் சாம்பல் நிறமாக ஒரு பட்டை தெரிந்தது. பின்னர் அது கறுத்தது. ஒரு மாலை, கோணலாக நின்ற ஒரு பாறையைச் சரியாக வைக்கலாம் என்று தூக்கினேன். அதன் அடியிலிருந்து மை கலந்தாற்போல் கருமை எழுந்தது. அறை முழுவதும் அழுகிய முட்டை நாற்றம். ஹைட்ரஜன் சல்பைடு அது. மறுநாள் காலையில் மூன்று மீன்கள் மேலே மிதந்தன. கறுத்த மணலைக் கண்டால் அதைக் கிளறாமல் விட வேண்டும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டே கை வைக்க வேண்டும்.

நம் ஊரின் வெயிலும் மின்வெட்டும் இதில் சேர்ந்துகொள்கின்றன. குளிர்நாட்டவர் எழுதிய குறிப்புகளைப் படித்து ஆழமான மணல் போடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் 6 மில்லிகிராம் அளவுதான். அதே வெப்பத்தில் நன்னீரில் இதைவிடக் கூடுதலாகவே கரையும். கோடையில் மூன்று மணி நேரம் மின்சாரம் போனால், மோட்டார் நின்று, மேலே உள்ள காற்று நீரோடு கலப்பது நின்றுவிடுகிறது. மணலுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களோ ஆக்சிஜனை உறிஞ்சுவதை நிறுத்துவதில்லை. மணல் எவ்வளவு ஆழமோ, மீன்களின் பங்கு அவ்வளவு வேகமாகக் குறையும். இன்வெர்ட்டரோ, குறைந்தபட்சம் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரோ இல்லாத வீடுகளில் 5 செ.மீ.க்கு மேல் மணல் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

மணலே வேண்டாம் என்பவர்களும் உண்டு. வேகமான நீரோட்டம் தேவைப்படும் கிளைப்பவளங்களை மட்டும் வளர்ப்பவர்களுக்கும், புதிய மீன்களைத் தனிமைப்படுத்திக் கவனிக்கும் தொட்டிகளுக்கும் வெறும் கண்ணாடித்தளம் நல்லது. கழிவு தங்காது, மருந்தை மணல் உறிஞ்சாது. வீட்டில் பார்வைக்காக வைக்கும் தொட்டியில், மணலில் வாழும் உயிர்கள் எதுவும் இல்லாமல் போவது எனக்கு மனக்குறையாகவே இருக்கும்.

இனி மணலைத் தொட்டியில் இடும் முறை. உலர்ந்த மணலைச் சிறுசிறு பங்காக வாளியில் போட்டு, அரிசி களைவது போலக் கையால் கலக்கி, வெண்கழுநீரை ஊற்றிவிட வேண்டும். கழுநீர் தெளியும்வரை ஏழெட்டு முறை செய்து, கடைசி முறை ஆர்.ஓ. நீரால் அலச வேண்டும். பாறைகளை முதலில் கண்ணாடித்தளத்தின்மேல் நேரடியாக, அசையாமல் நிறுத்திவிட்டு, அதன் பிறகே சுற்றிலும் மணலைப் பரப்ப வேண்டும். மணலின்மேல் பாறையை வைத்தால், வளை தோண்டும் மீன் அடிமணலைத் தள்ளிவிட, பாறை சரிந்து கண்ணாடியில் மோதும். நீரை ஊற்றும்போது மணலின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் மெதுவாக ஊற்றினால் குழி விழாது. இரண்டு மூன்று நாள் நீர் பால்போல் கலங்கியிருந்தாலும் அஞ்ச வேண்டாம்.

உயிர்மணல் என்று ஈரத்தோடு பையில் அடைத்து விற்பதை அதிக விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவரின் நோயற்ற தொட்டியிலிருந்து இரண்டு கைப்பிடி மணல் கிடைத்தாலே உலர்மணலில் நுண்ணுயிர்கள் பரவத் தொடங்கும். எப்படியிருந்தாலும், மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடக்கூடாது. அந்த வாரங்களில் வெள்ளை மணலின்மேல் பழுப்புப் பொடி தூவினாற்போல் ஒரு படலம் படியும். டயட்டம் என்ற பாசி அது. மணலில் சிலிக்கா இருப்பதால்தான் அது வருகிறது என்று சிலர் சொல்வது சரியல்ல. குவார்ட்ஸ் நீரில் மிக மிக மெதுவாகவே கரையும். அந்தப் பாசிக்கு வேண்டிய சிலிக்கேட் பெரும்பாலும் நாம் ஊற்றும் குழாய்நீரிலிருந்தும் ஆழ்துளைக் கிணற்று நீரிலிருந்தும் வருகிறது. ஆர்.ஓ. நீர் பயன்படுத்தினால் சில வாரங்களில் தானாக மறையும்.

அதன்பின் வாரம் ஒருமுறை 10 சதவீத நீரை மாற்றும்போது, மணலில் கால்பங்கை மட்டும் குழாயால் உறிஞ்சிச் சுத்தம் செய்தால், ஒரு மாதத்தில் முழுப்பரப்பும் ஒரு சுற்று முடியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கிளறினால் நுண்ணுயிர்களுக்குக் கேடு. வீடு மாறும்போது பழைய மணலை அப்படியே புதிய தொட்டிக்குக் கொண்டுபோகும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். சுண்ணாம்பு மணல், பாசியை வளர்க்கும் பாஸ்பேட்டைத் தன்மேல் படியவைத்துக்கொள்ளும்; சில ஆண்டுகள் ஓடிய மணலைக் கிளறி எடுத்து மறுபடி போட்டால், தேங்கிய கழிவும் பாஸ்பேட்டும் ஒரே நேரத்தில் நீரில் கலக்கும். இரண்டு கைப்பிடியை வித்தாக வைத்துக்கொண்டு மீதியைத் தோட்டத்தில் கொட்டிவிடுவதே நல்லது, அதுவும் உப்புப் போக நன்றாக அலசிய பிறகு.

வண்ணமீன் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் விற்கும் மணல் பையின்மேல் அது அரகோனைட்டா, கால்சைட்டா, குவார்ட்ஸா என்பதையும், துகளின் அளவு எத்தனை மில்லிமீட்டர் என்பதையும், எங்கிருந்து வந்தது என்பதையும் தமிழில் அச்சிட்டு ஒட்டுங்கள். மூன்றே வரிகள் போதும். கடற்கரை மணலைக் கழுவிப் போடலாம் என்ற யோசனையைத் திருத்தி, அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே ஒரு குறிப்பு வெளியிடுமாறு தங்களையும் அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தூத்துக்குடி.